சுமையும் சுமப்பவனும்

நெய்யாறு தன் மலைவழியை முடித்துக்கொண்டு பூவாறில் கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டி, திருப்புறம் தொடங்கிப் பாறசாலை வரையில், தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் சிற்றூர்கள் பல இருக்கின்றன. இவ்வூர்களின் வடமேற்கே, அதே நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடலோரத்தில், விழிஞ்ஞம் என்னும் பழந்துறையில், சில ஆண்டுகளாக வானத்தைத் தொடுவதுபோல் நிற்கும் இரும்புக் கழுத்துகளைக் காணும்போது, மனிதன் தலையிலும் தோளிலும் தாங்கிவந்த பாரத்தையெல்லாம் யந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்ட இந்தக் காலத்தில், நம்முடைய சமயங்கள் எந்தச் சுமையைப் பற்றி இத்தனை நூற்றாண்டுகளாகப் பேசிவந்தனவோ அந்தச் சுமை எங்கே போயிற்று, யார் தலையில் இறங்கிற்று என்னும் வினா எழாமல் இருப்பதில்லை. சமய விசாரத்திற்கும் துறைமுகக் கிரேனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நகைக்கக்கூடும். சுமத்தல், சுமத்தப்படுதல், சுமை இறக்குதல் ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டால் இந்தக் கடற்கரையின் எந்தச் சமயத்திலும் அதிகம் மிஞ்சாது என்பதை அவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் யந்திரத்தைப் பார்ப்போம். பாராமல் பேசுவது தத்துவ விசாரகர்களுக்கு வழக்கமாகிவிட்ட ஒரு குற்றம். 2023 அக்டோபரில் ஷாங்காய் நகரத்திலிருந்து ஜென் ஹுவா 15 என்னும் கப்பல், நிமிர்த்தி நிறுத்திய நிலையிலேயே கிரேன்களை ஏற்றிக்கொண்டு விழிஞ்ஞத்தை அடைந்தது. அதன்பின் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தவற்றோடு முதற்கட்டத் தொகை முப்பத்திரண்டாயிற்று: கப்பலுக்கும் கரைக்கும் இடையே பெட்டிகளை மாற்றுபவை எட்டு, கரைக்குப் பின்னுள்ள அடுக்குக் களத்தில் தண்டவாளத்தின்மேல் ஓடி, பெட்டியின்மேல் பெட்டியாக அடுக்குபவை இருபத்து நான்கு. 2024 ஜூலையில் சான் பெர்னாண்டோ என்னும் தாய்க்கப்பல் முதன்முதலாக அணைந்தது. 2025 மே 2ஆம் தேதி துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பதினெட்டு மீட்டருக்குக் குறையாத இயற்கை ஆழமும், கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருங்கப்பற் பாதை பத்துக் கடல்மைல் அளவிலேயே இருப்பதும், இதுவரை கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய் மாற்றி ஏற்றப்பட்ட நம் நாட்டுச் சரக்கை இங்கே இழுத்துவந்தன.

கிரேனின் கயிறுகளில் தொங்கும் சட்டத்தை ஸ்பிரெடர் என்பார்கள். பெட்டியின் நான்கு மூலைகளிலும் வார்ப்பெஃகில் ஒரு நீள்துளை இருக்கும். சட்டத்தின் நான்கு மூலைப் பூட்டுகளும் அந்தத் துளைகளுள் இறங்கிக் கால்வட்டம் திரும்பினால்தான் பிடி விழும். நான்கில் ஒன்று திரும்பாவிட்டாலும் யந்திரம் தூக்க மறுத்துவிடும். இந்த மறுப்பு யாருடைய நற்குணத்தாலும் வருவதன்று. மின்சுற்றிலேயே அமைத்து வைக்கப்பட்டது. வழக்கமான பெட்டி ஒன்று நிறைசுமையோடு 30,480 கிலோ வரை எடை கொள்ளலாம். எழுபத்தைந்து கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் ஒரு சுமட்டுத் தொழிலாளி ஏறத்தாழ நானூறு நடை நடந்து ஏற்றவேண்டிய பாரத்தை, இந்த யந்திரம் இரண்டொரு நிமிஷத்தில் காற்றில் கொண்டுபோய் வைக்கிறது. அதை இயக்குகிறவர் கிரேனின் உச்சியில் கண்ணாடித் தரைமேல் உட்கார்ந்து குனிந்து பார்த்துக் கழுத்து நோகவேண்டியதும் இல்லை. எங்கோ ஓர் அறையில் குளிர்ந்த காற்றில் அமர்ந்து, திரையைப் பார்த்து, விரல் நுனியால் நடத்துகிறார். விழிஞ்ஞத்தில் அவ்வாறு நடத்துகிறவர்களுள் சுற்றுப்புறக் கடலோரக் கிராமங்களைச் சேர்ந்த பெண்களும் இருக்கிறார்கள். மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தை சந்தையாய் நடந்த தாய்மாரும் பாட்டிமாரும் வாழ்ந்த கரை இது. அந்தக் கரையின் பெண்கள் முப்பது டன்னைத் தொடாமலே தூக்குகிறார்கள்.

இதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்றே முதலில் சொல்லிவிட வேண்டும். யந்திரம் வருமுன் இருந்த உலகத்தைப் பொற்காலமாக வர்ணிக்கும் பழக்கம் திருவாங்கூர் மண்ணில் செல்லாது. இங்கே சுமப்பது ஒரு ஜாதியின் விதியாக இருந்தது. கூலியில்லாமல், மறுக்கும் உரிமையில்லாமல், சர்க்காருக்கும் கோவிலுக்கும் மாடம்பிமாருக்கும் பாரம் சுமந்து கொடுக்கவேண்டிய ஊழியம் என்னும் கொடுமையை, சாமித்தோப்பில் 1809இல் பிறந்து 1851இல் மறைந்த வைகுண்டசாமி கண்டித்தது வெறும் சமூக விவகாரமாக அன்று; அவர் அதைக் கலியின் செயலாகவே, அதாவது தெய்வ விரோதமாகவே, கண்டார். விழிஞ்ஞத்திற்கு அடுத்த வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் ஒரு வில்வண்டி வாங்கி, அதில் தலைப்பாகையோடு ஏறி அமர்ந்து, தன் மக்களுக்கு விலக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். தலைமுறை தலைமுறையாகப் பிறரைச் சுமந்தவர்களின் குலத்தில் வந்த ஒருவர் தம்மைச் சுமக்க ஒரு வண்டி வைத்துக்கொண்டதே அன்று புரட்சியாக இருந்தது என்றால், சுமைக்கும் மானத்திற்கும் இங்கே எத்தகைய பிணக்கு நிலவியது என்பது விளங்கும்.

வெயிலில் தலைச்சுமையோடு நடப்பவன் யார் துணையும் இன்றித் தன் பாரத்தை இறக்கிவைத்து, மீண்டும் குனியாமல் ஏற்றிக்கொள்ளும்படி, இரண்டு செங்குத்துக் கற்களின்மேல் ஒரு கிடைக்கல்லைத் தோளுயரத்தில் வைத்து, சுமைதாங்கி என்று பெயரிட்டுச் சாலையோரங்களில் நம் முன்னோர் நிறுவினார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் ஆன்மா ஆறுதல் அடைய வேண்டுமென்று அவள் பெயரால் அதை நிறுவுவதும் உண்டு. இறக்கப்படாமலே போன ஒரு சுமைக்காக, வழிப்போக்கர் அனைவருடைய சுமையையும் இறக்கிவைக்க இடம் அமைத்த அந்த மனத்தின் நுட்பம் எந்தச் சாஸ்திரத்திலும் கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. யந்திரங்களைக் கண்டு அஞ்சிய காந்தியடிகள்கூட, தனி மனிதனின் உடலுழைப்பின் கடுமையைத் தணிக்கும் தையல் யந்திரத்திற்கு விலக்கு அளித்தார். ஆகவே, பிறர் உடலின் பாரத்தைக் குறைப்பது தர்மம் என்றால், கிரேனும் அந்தத் தர்மத்தின் வம்சத்தில் வந்ததுதான். அதைக் கண்டு முகம் சுளிப்பவர் ஒருநாளாவது மூட்டை தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அப்படியானால் சமயங்கள் ஏன் சுமத்தலைப் போற்றின? விழிஞ்ஞத்திலிருந்து பூவாறு வரும் கடலோரச் சாலையில் ஆழிமலை என்னும் பாறைமேட்டில், 58 அடி உயரத்தில் கங்காதரேசுவரர் சிலை ஒன்று எழுப்பப்பட்டிருக்கிறது. அதைக் காட்டிலும் பன்மடங்கு உயரமான கிரேன்களுக்கு அயலிலே, வானத்திலிருந்து விழுந்த நதியின் வேகத்தைப் பூமி தாங்காது என்று தன் சடையில் ஏற்றுக்கொண்ட ஒரு தெய்வம் கடலோரத்தில் வீற்றிருக்கிறது. அதே கரையின் மாதா கோவில்களில் தவக்காலத்தில் சிலுவைப்பாதை நடக்கும். அதன் ஐந்தாம் தலத்தில், வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோன் என்பவனைப் படைவீரர்கள் பிடித்து, இயேசுவின் சிலுவையைச் சுமக்கச் செய்கிறார்கள். அவன் விரும்பி வந்தவனல்லன். அது உரோமாபுரியின் ஊழியம். ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளாக அவன் பெயர் வாழ்கிறது. விழிஞ்ஞத்துப் பள்ளிவாசல்களிலோ, ஓர் ஆன்மாவின் பாவச்சுமையை மற்றோர் ஆன்மா ஏற்க முடியாது என்னும் குர்ஆனின் போதனை ஓதப்படுகிறது. சுமந்துகொள்ளலாம் என்பாரும் சுமக்கவே முடியாது என்பாரும் ஒரே துறையில் வலை உலர்த்துகிறார்கள்.

இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டவை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. மதுரையில் நடந்ததாகச் சொல்லப்படும் திருவிளையாடலை இங்கே நினைத்துக்கொள்வது உதவும். வைகையில் வெள்ளம் பெருகிக் கரையை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்கும் வந்தி என்னும் கிழவிக்கு ஆளில்லை. இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுத் தின்றுவிட்டு, வேலையை ஒழுங்காகச் செய்யாமல் படுத்துறங்கினான். அரசன் பிரம்பால் அடித்தபோது அந்த அடி அரசன்மேலும், அரசிமேலும், அமைச்சர்மேலும், சராசரம் அனைத்தின்மேலும் விழுந்தது. இக்கதையைக் கருணையின் கதையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது கர்த்தாவை, அதாவது செயலைச் செய்பவனைப் பற்றிய கதையும் ஆகும். சுமை ஒருவன்மேல் ஏற்றப்பட்டால் அது அவனோடு நின்றுவிடும் என்று ஆணையிடுகிறவன் நம்புகிறான். ஏற்றுக்கொண்டவன் யார் என்று தெரியாதவரையில்தான் அந்த நம்பிக்கை நிலைக்கிறது. கங்காதரனும் சிலுவை நாதரும் ஏற்றது சம்மதித்து ஏற்ற பாரம். அதன் எடையை அவர்கள் அறிந்திருந்தார்கள், யாருக்காக என்பதையும் அறிந்திருந்தார்கள். சமயங்கள் போற்றியது பாரத்தையன்று. அறிவும் சம்மதமும் கூடிய அந்த ஏற்பை. ஊழியத்தில் பாரம் மட்டும் இருந்தது, அந்த இரண்டும் இல்லை. ஆகையால்தான் வைகுண்டசாமி அதைத் தெய்வ விரோதம் என்றார்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கிரேனிடம் திரும்பினால், வினா சற்றுக் கூர்மையடைகிறது. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயல் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது: அதிஷ்டானம், கர்த்தா, கரணங்கள், பலவகைச் சேஷ்டைகள், ஐந்தாவதாகத் தெய்வம். அடுக்குக் களத்தில் நிகழும் ஒரு தூக்கலை இதனோடு வைத்துப் பார்த்தால், தண்டவாளம் பதித்த தரை அதிஷ்டானம். யந்திரமும் திரையும் கரணம். மோட்டார்களின் சுழற்சி சேஷ்டை. கடற்காற்றைத் தெய்வத்தின் கணக்கில் எழுதலாம். கர்த்தா யார்? பெட்டியை எந்த அடுக்கில் எந்த உயரத்தில் வைப்பது என்பதைக் கணினி நிச்சயிக்கிறது. அசைவுகளிற் பெரும்பகுதியை யந்திரமே செய்துகொள்கிறது. திரையின் முன்னிருக்கும் பெண், முக்கியமான தறுவாயில் மட்டும் கை வைக்கிறாள். பெட்டிக்குள் இருப்பதை அவளும் அறியாள், கப்பல் தலைவனும் அறியான், காகிதம் ஒன்றுதான் அறியும். தன்னை மாத்திரமே கர்த்தா என்று எண்ணுகிறவன் உண்மையைக் காணாதவன் என்று கீதை சொன்னது அகங்காரத்தை அழிப்பதற்காக. இந்தக் காலத்தின் நிலையோ அதற்கு நேர்மாறானது: எவனும் தன்னைக் கர்த்தா என்று எண்ணவேண்டிய அவசியமே இல்லாதபடி காரியங்கள் அமைந்துவிட்டன. அகங்காரம் அழிந்துவிட்டது போலவே தோன்றும், அழிந்தது பொறுப்புத்தான்.

சைவ சித்தாந்திகள், தன் செயல் அற்று இறைபணியில் நிற்பவனை வினை பற்றாது என்பார்கள். அதைக் கேட்டு ஒருவன், அகங்காரமே இல்லாத யந்திரமல்லவா உத்தம முக்தன் என்று விதண்டாவாதம் பேசினால் அவனுக்கு விடை எளிது. முக்தன் நான் என்பதை அறிந்து கடந்தவன். கிரேன் அதை அடையவே இல்லாதது, ஜடம். இந்தப் பதிலைச் சொல்லுவது எளிதாயிற்றே தவிர, ஜடத்தின் குற்றமின்மையை மனிதர் இரவல் வாங்கிக்கொள்வதைத் தடுப்பது எளிதன்று. ‘கணினியில் அப்படித்தான் வந்தது’ என்று எந்த அலுவலகத்திலாவது சொல்லக் கேளாதவர் நம்மில் உண்டா?

இவ்விடத்தில் கேரளத்துக்கே உரிய ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. சுமட்டுத் தொழிலாளருக்கு ஊதியமும் நலநிதியும் வரையறுத்து 1978இல் இந்த இராஜ்யம் ஒரு சட்டம் செய்தது, நியாயமான சட்டம், ஊழியத்தின் நினைவு மாறாத நாட்டுக்கு உகந்த சட்டம். ஆனால் அதன் நிழலில் நோக்குக்கூலி என்ற வழக்கமும் வளர்ந்தது. யந்திரம் பாரத்தை இறக்க, அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலாளர், தாங்கள் செய்யவேண்டிய வேலை போயிற்றே என்று பார்த்ததற்குக் கூலி கேட்டார்கள். 2018 மே முதல் தேதியிலிருந்து அரசாங்கம் அதைத் தடுத்தது, நீதிமன்றமும் கண்டித்தது. வீட்டுச் சாமான் இறக்கும்போது அந்தக் கூலி கொடுத்து எரிச்சலுற்றவர்கள் பலர். அவர்கள் எரிச்சல் நியாயமானதே. எனினும் உபநிஷதத்தில் ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளுள் ஒன்று கனியை உண்ண, மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. வேதாந்தம் அந்தப் பார்க்கும் பறவைக்கே உயர்ந்த பதவி அளித்தது. நம் சந்தைகளில் பார்த்திருந்தவனோ தனக்குப் பசிக்கிறது என்று சொன்னான். சாட்சியாயிருத்தல் வயிறு நிறைந்த பின்னர் கைகூடும் நிலைதான் என்று அந்த ஏழைகள் ஒரு வேதாந்தக் குறிப்பு எழுதிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். விழிஞ்ஞத்துத் திரையறையில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு மரியாதையான சம்பளம் கிடைக்கிறது. கரையில் நின்று பார்த்தவர்களின் கூலியைச் சட்டம் தடை செய்தது. இரண்டும் சரியாகவே இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் படிப்பும் பயிற்சியும் மாத்திரமே என்பதை மட்டும் மறக்காமலிருந்தால் போதும்.

கடலோரத்தார்க்கு இதைவிடக் கடுமையான கணக்கு ஒன்று இருந்தது. அலைதாங்கும் சுவர் கடலுக்குள் வளர வளர, வடக்கே கரை அரிக்கப்பட்டு வீடுகள் கடலுக்குள் போகின்றன என்றும், அந்தப் பாரத்தைத் தாங்களே சுமக்கிறோம் என்றும் மீனவர் முறையிட்டனர்; வீடிழந்தவர்கள் சிமெண்டுக் கிடங்கில் வருஷக்கணக்காகக் குடியிருந்தனர். 2022இல் லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் நடந்த மறியல் நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்து, இடையே வன்முறையாகவும் வெடித்து, டிசம்பரில் முடிந்தது. அரிப்புக்குத் துறைமுகம் எவ்வளவு காரணம், பருவமாற்றம் எவ்வளவு காரணம் என்பதில் அரசுத் தரப்புக்கும் மீனவர் தரப்புக்கும் ஒப்புதல் ஏற்படவில்லை. இங்கும் கர்த்தா பலராகிப்போனார். வீடு இழந்தவன் மட்டும் ஒருவனாகவே இருந்தான்.

துறைமுகம் அர்ப்பணிக்கப்பட்ட அதே மாதத்தில், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் லைபீரியக் கொடியுடைய கப்பல், மே 24ஆம் தேதி சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. ஆட்கள் 24 பேரும் காப்பாற்றப்பட்டது கடவுள் அருளும் மீட்புப் படையினரின் திறமையும். கப்பலில் 640 பெட்டிகள். அவற்றுள் அபாயகரமான சரக்கு 13இல். நீர்பட்டால் எரிவாயு கிளம்பும் கால்சியம் கார்பைடு 12இல். சில நாட்களில் பெட்டிகள் கொல்லம் கரையிலும் பிற இடங்களிலும் ஒதுங்கின. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரைகளில் வெண்மணிபோன்ற பிளாஸ்டிக் குருணைகள் மணலோடு மணலாகப் பரவின. பெட்டிகளைத் தொடாதே, இருநூறு மீட்டர் விலகி நில் என்று மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. மீன் விலை விழுந்தது. வலை வீசப் போகாத நாட்கள் கூடின. மாநில அரசு இதைப் பேரிடராக அறிவித்து, பின்னர் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

வைகைக் கரையில் விழுந்த பிரம்படி எல்லார்மேலும் சமமாக விழுந்தது. பாண்டியன் முதுகும் தப்பவில்லை, ஆகவே பாண்டியன் திருந்தினான். இந்த அடியோ அப்படிச் சமமாகப் பங்கிட்டு விழவில்லை. பெட்டிக்குள் சரக்கை வைத்துப் பூட்டியவன் ஏதோ ஒரு நகரத்தில், அதைப் பெறவேண்டியவன் வேறொரு நகரத்தில், இருவர் முதுகிலும் தழும்பில்லை. அடி முழுவதையும் வாங்கிக்கொண்டது, அந்தப் பெட்டியை அனுப்பவும் இல்லாத, எதிர்பார்க்கவும் இல்லாத கடற்கரை. சுமந்தவர்களுக்கு அறிவும் இல்லை, சம்மதமும் கேட்கப்படவில்லை. முன்னே நான் சொன்ன இரண்டும் இல்லாத சுமைக்குத் திருவாங்கூர் ஒரு பெயர் வைத்திருந்தது.

தேசங்கள் ஒன்றுகூடி இவ்விஷயத்தில் ஒரு படி ஏறியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டியின் எடையைக் குறைத்துச் சொல்லி ஏற்றுவதனால் அடுக்குகள் சரிவதும் கப்பல் சமநிலை இழப்பதும் நேர்ந்துகொண்டிருந்தபடியால், கடலில் உயிர்காக்கும் சர்வதேச உடன்படிக்கையில் திருத்தம் செய்து, 2016 ஜூலை முதல், சரக்கு அனுப்புகிறவர் நிறைபெட்டியின் மெய்யான எடையைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டுக் கொடுக்காவிட்டால் எந்தக் கப்பலிலும் அது ஏற்றப்படக் கூடாது என்று விதித்தார்கள். பெட்டியை மொத்தமாக நிறுக்கலாம். அல்லது உள்ளே வைப்பதையெல்லாம் தனித்தனியே நிறுத்துப் பெட்டியின் வெற்றெடையோடு கூட்டலாம். எப்படியாயினும் பொறுப்பு ஒருவர் பெயரில் நிற்க வேண்டும். ஐந்து காரணங்களுக்குள் கரைந்துபோய்க்கொண்டிருந்த கர்த்தாவை, எடையைப் பொறுத்தமட்டிலாவது, இந்த விதி பிடித்து இழுத்து வந்து கையெழுத்துப் போட வைத்துவிட்டது. எந்த மடாதிபதியும் செய்யாத இந்த வேதாந்த சேவையைக் கப்பல் வணிகத்தின் குமாஸ்தாக்கள் செய்தார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எடைக்கு வந்த இந்த ஒழுங்கு, உள்ளிருப்பதன் குணத்திற்கு இன்னும் கரைவரையில் வந்து சேரவில்லை. அபாயச் சரக்கின் பட்டியல் கப்பல் கம்பெனிக்குப் போகிறது, துறைமுகத்திற்கும் சுங்க இலாகாவிற்கும் போகிறது. பூவாறிலும் பொழியூரிலும் கடலில் இறங்குகிறவனுக்கு அது போவதில்லை, பெட்டி ஒதுங்கிய பிறகே அவன் அதைக் கேட்கிறான். இந்தக் கரையில் மாதா கோவில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கோவில்களுக்கும் குறைவில்லை. ஒவ்வொன்றின் வாசலிலும் திருவிழாவும் திருமணமும் இறப்பும் எழுதி ஒட்டும் பலகை ஒன்று இருக்கிறது. தங்கள் கடலின்மேல் இந்த வாரம் என்னென்ன அபாயச் சரக்கு கடக்கிறது என்று மலையாளத்திலும் தமிழிலும் அதே பலகையில் துறைமுகத்தார் எழுதி ஒட்டுவதற்கு ஆகும் செலவு, ஒரு கிரேனுக்கு ஒருநாள் பூசும் மசகெண்ணெயின் விலையைவிட அதிகமாயிராது.